ஏழாவது இருக்கையின் இரண்டாவது மெஷின்

1

இந்தக் கதை ஒரு கடிதமாகத்தான் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் எங்காவது கடித வாடை அடித்தால் காரணம் தெரிந்திருக்கட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் நாத்தனார் வந்தாள். செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "அண்ணி, நம்ம வீட்ல நீங்கதானே எழுதுற ஆளு. ஒரு லெட்டர் எழுதித் தாங்க" என்றாள்.

"யாருக்கு?"

"என்கிட்ட படிச்சவருக்கு. நான் ஃபெயில் போட்டவருக்கு."

விஷயத்தைக் கேட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். 'எதிர்பாராத தொழில்நுட்பக் காரணங்களால் தங்கள் தேர்வில் ஒரு பிழை ஏற்பட்டுவிட்டதை மிகுந்த வருத்தத்துடன்...' அந்த இடத்திலேயே என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள்.

"எதிர்பாராதன்னு எதுக்குப் போடுறீங்க? ஏற்பட்டுருச்சுன்னா என்ன அர்த்தம்? மழை பேஞ்ச மாதிரி தானா வந்துச்சா? நான் பண்ணேன் அண்ணி. நான்னு எழுதுங்க."

இருபது வருடமாக எழுதுகிறேன். 'ஏற்பட்டுவிட்டது' என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேர் சௌகரியமாக ஒளிந்துகொள்ளலாம் என்று அன்றுதான் உறைத்தது. கடிதம் நாலு வரியில் முடிந்தது. அவள் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எனக்குத்தான் பேனாவை மூட மனம் வரவில்லை.

கதையாக எழுதட்டுமா என்று ஃபோனில் கேட்டேன். எழுதுங்கள், ஆனால் யார் பெயரும் வரக்கூடாது, அழகு பண்ணக்கூடாது என்றாள். முதல் நிபந்தனையைக் காப்பாற்றுவது சுலபம். இரண்டாவதை எவ்வளவு தூரம் காப்பாற்றினேன் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

2

தொடக்கங்கள்:

'முப்பத்தாறு கணினிகள் ஒரே நொடியில் கண்விழித்தன.' [அடித்துவிட்டேன். கணினிக்கு ஏது கண்?]

'தன் வாழ்நாளில் ஒரு தவறும் செய்திராத அவள்—' [பொய். என் கல்யாண ஆல்பத்தை ரயிலில் விட்டுவிட்டு வந்தவள் அவள்தான்.]

'தரவுத்தளக் கிளஸ்டர் எனப்படுவது யாதெனில்' [இதற்கு மேல் நானே படிக்க மாட்டேன்.]

சரி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நாத்தனாருக்கு வேலை ஒரு கணினிப் பயிற்சி மையத்தில். பல அலுவலகங்கள் தங்கள் ஆட்களை அங்கே அனுப்பிப் படிக்க வைக்கும். பன்னிரண்டு பேர், ஐந்து நாள் வகுப்பு, ஐந்தாம் நாள் தேர்வு. அவள் எடுக்கும் பாடம் கிளஸ்டர். எனக்கு அவள் சொன்ன மாதிரியே சொல்கிறேன்: ஓர் அலுவலகத்தின் தகவல் மொத்தத்தையும் ஒரே கணினியில் வைத்திருந்து அது படுத்துக்கொண்டால், கதை கந்தல். அதனால் மூன்று கணினிகள் சேர்ந்து ஒரே பதிவேட்டை எழுதிவரும். ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் தாங்கும். எழுந்து வந்ததும் விட்டுப்போனதை அது கேட்டு எழுதிக்கொள்ளும்.

இதைப் பழக ஆளுக்கு மூன்று கணினி வாங்கி வைக்க எந்த மையத்தாலும் ஆகாது. அதனால் ஒரு பெரிய கணினிக்குள் மூன்று மெய்நிகர் கணினிகளை உண்டாக்குவார்கள். அவை வெறும் மென்பொருள்தான், ஆனால் ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்றே நம்பிக்கொண்டிருக்கும். மையத்தில் எல்லோரும் அவற்றை 'மெஷின்' என்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பன்னிரண்டு இருக்கை, இருக்கைக்கு மூன்று, ஆக முப்பத்தாறு மெஷின். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, முகவரி கொடுத்து, நேரத்தைச் சரிசெய்து, அந்தப் பதிவேட்டை நடத்தும் தரவுத்தளத்தை நிறுவ வேண்டும். வகுப்புக்கு முந்தைய இரண்டு நாளும் அவளுக்கு அதே வேலைதான். இருபதாவது மெஷினுக்கு வரும்போது கை தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும், மனம் வேறெங்காவது மேயும். வகுப்பு தொடங்கியதும் பலன் தெரியும். ஒருவருடைய மெஷினில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். இன்னொருவருக்குப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும். "மேடம், எனக்கு வரல." "மேடம், எனக்கு வேற மாதிரி வருது." முதல் நாள் முழுக்க அவள் மேசைக்கு மேசை ஓடுவாள். பாடம் இரண்டாம் நாள்தான் தொடங்கும்.

இந்த வருடம் அவளுக்கு அலுத்துவிட்டது. கையால் செய்வதை விட்டுவிட்டு எழுதி வைக்க உட்கார்ந்தாள். இருக்கை எத்தனை, இருக்கைக்கு மெஷின் எத்தனை, பெயர் எப்படி இருக்க வேண்டும், நேரத்தை எங்கிருந்து கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எல்லாமே ஒரே கோப்பில். அதைப் படித்து மெஷின்களைக் கட்டுவதற்கு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளின் வரிசை. ஓட்டினால் இருபத்திரண்டு நிமிடத்தில் முப்பத்தாறும் எழுந்து நிற்கும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. எதிலாவது கோளாறு என்றால் உட்கார்ந்து தோண்டுகிற வேலையே இல்லை.

"ரிப்பேரே கிடையாது அண்ணி. இடிச்சுட்டு மறுபடி கட்டுறதுதான்" என்றாள்.*

* இதை முன்னாலேயே செய்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். "கையால செஞ்சு முடிக்கிற அளவுக்குத்தான் எப்பவும் நேரம் இருந்துச்சு" என்றாள். எல்லா வீட்டு அலமாரிகளும் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கும் இதே பதில்தான் என்று நினைக்கிறேன்.

3

முதல் ஓட்டம் தோல்வி.

முப்பத்தாறு மெஷினும் எழுந்தன. ஆனால் எந்த இருக்கையிலும் மூன்று மெஷின்கள் ஒன்று சேரவில்லை. முதல் மெஷின் இருக்கும், இரண்டாவதைச் சேர்க்கப் போனால் வெளியே தள்ளிவிடும். மெஷின்கள் நடந்ததையெல்லாம் தாமாகவே எழுதிவைக்கும் பதிவுகளை அவள் திறந்து பார்த்தாள். இந்த அடையாள எண் ஏற்கெனவே உள்ளது என்று வந்திருந்தது.

காரணம் புரிய அவளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தரவுத்தளம் ஒரு மெஷினில் முதல்முறை ஓடும்போது தனக்கென்று ஓர் அடையாள எண்ணை உருவாக்கி ஒரு சின்னக் கோப்பில் எழுதிக்கொள்ளும். அவள் அச்சாக ஒரு மெஷினைத் தயாரித்து, அதைப் பிரதி எடுக்கும்படி எழுதியிருந்தாள். அச்சில் தரவுத்தளம் ஒருமுறை ஓடிவிட்டது. அதனால் முப்பத்தாறுக்கும் ஒரே எண். ஓர் அலுவலகத்தில் இரண்டு பேர் ஒரே அடையாள அட்டையோடு வந்து நின்றால் வாசலில் என்ன நடக்குமோ அதுதான் நடந்திருக்கிறது.

தீர்வு ஒரே வரி. பிரதி எடுத்ததும் அந்தக் கோப்பை அழித்துவிட வேண்டும். அடுத்த முறை எழும்போது மெஷின் தனக்குப் புது எண் போட்டுக்கொள்ளும். அவள் அந்த வரியைத் தட்டச்சு செய்தாள்.

பாதியில் கை நின்றுவிட்டது.

[இங்கே 'இடி விழுந்தது போல' என்று எழுதியிருந்தேன். "இடியெல்லாம் விழல, நாற்காலியைத் தள்ளிட்டு எந்திரிச்சேன்" என்று திருத்தினாள்.]

இதே மாதிரி தள்ளிவிடுவதை அவள் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறாள். எட்டு மாதத்துக்கு முன், ஒரு தேர்வு நாளில், ஏழாவது இருக்கையில்.

அன்று காலை எட்டரை மணிக்கு ஏழாவது இருக்கையின் இரண்டாவது மெஷின் கிளம்ப மறுத்தது. ஒன்பதுக்குத் தேர்வு. புதிதாக நிறுவ நேரமில்லை. அவள் அதை அழித்துவிட்டு, முதல் மெஷினை அப்படியே பிரதி எடுத்து, பெயரையும் முகவரியையும் மாற்றி வைத்தாள். பத்து நிமிட வேலை. கிளம்புகிறதா என்று பார்த்தாள், கிளம்பியது. அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

ஏழாவது இருக்கையில் இருந்தவர் பத்தரை மணிக்குக் கையைத் தூக்கினார்.

"மேடம், ரெண்டாவது மெஷின் சேர மாட்டேங்குது. நாலு தடவ பாத்துட்டேன்."

"எல்லாருக்கும் ஒரே செட்டப்தான் சார். எங்கயாவது விட்டிருப்பீங்க, மறுபடி பாருங்க."

அவர் மறுபடி பார்த்தார். பன்னிரண்டரை வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் தேறினார்கள்.

தேர்வுப் பதிவுகளை நாத்தனார் தூக்கிப் போடுவதில்லை. எட்டு மாதத்துக்கு முந்தைய கோப்புறையைத் திறந்தாள். ஏழாவது இருக்கை, முதல் மெஷின், அடையாள எண். இரண்டாவது மெஷின், அடையாள எண். ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் கடைசி எழுத்து வரை பார்த்தாள்.

4

இந்த மனிதரை எப்படி எழுதுவது என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

நான் அவரைப் பார்த்ததில்லை. நாத்தனார் சொன்னவை கொஞ்சம்தான்: வயது ஐம்பதுக்குள், தண்ணீர் வாரியத்தில் வேலை. தெருத்தெருவாக நடந்து மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது பதினெட்டு வருட வேலை. பிறகு அலுவலகத்தில் கணினிப் பக்கம் வந்து, தானாகவே கற்றுக்கொண்டவர். வகுப்பில் எல்லோரும் அவரை 'மீட்டர்க்காரர்' என்றே கூப்பிட்டார்கள், அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு கட்டளையையும் பென்சிலால் நோட்டில் எழுதி, அது செய்வதைப் பக்கத்தில் தன் வார்த்தையில் எழுதிக்கொள்வார். 'இது மத்த ரெண்டு பேரையும் கூப்பிடும்.' 'இது நான் உயிரோட இருக்கேன்னு சொல்லும்.' அவருடைய அலுவலகத்தில் தகவல் பிரிவு ஒன்று புதிதாகத் தொடங்கினார்கள். தேறினால் அங்கே இடம். தேறாததால் மறுபடி தெருவுக்கு, மீட்டர் பார்க்க அனுப்பிவிட்டார்கள்.

இவ்வளவுதான் என் கையில் இருந்தது. கதைக்குப் போதாது என்று தோன்றி, அவருக்கு நோயாளி மனைவி ஒருவரைக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு நிற்கும் மகளைக் கொடுத்தேன். முழங்கால் வலியும் கொடுத்தேன். படித்துப் பார்த்த நாத்தனார் கேட்டாள்: "இதெல்லாம் இருந்தாத்தான் நான் பண்ணது தப்பா?"

மனைவி, மகள், முழங்கால் மூன்றையும் எடுத்துவிட்டேன். ஏழாவது இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், எல்லாவற்றையும் சரியாகச் செய்தார், நீ தவறு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது போதும்.

5

மறுநாள் அவள் மையத்தின் நிர்வாகியிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. (கெட்டவராக ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். மேசையில் தட்டினார், கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். கதை நன்றாகத்தான் நகர்ந்தது. ஆனால் நிஜத்தில் அவர் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டவர்.) அவள் காட்டிய இரண்டு எண்களையும் விரல் வைத்துப் படித்துப் பார்த்தார்.

"பதிவுலயே காரணம் எழுதியிருக்கேம்மா. அவர் அதைப் படிச்சிருக்கலாமில்ல?"

"படிச்சிருந்தாலும் என்ன செய்யணும்னு நான் சொல்லித் தரல சார். சொல்லித் தராததை எப்படித் தேர்வுல கேக்கறது? நான் கேக்கவும் இல்ல, அது தானா நுழைஞ்சுருச்சு. இல்ல, நான் நுழைச்சேன்."

"எட்டு மாசம் ஆயிடுச்சு. இப்பக் கிளறினா, இதுக்கு முன்னாடி ஃபெயில் ஆனவங்க எல்லாம் வந்து நிப்பாங்க. என் மெஷினும் கோளாறுதான்னு சொல்லுவாங்க."

"அவங்க பதிவையும் பாத்துட்டேன் சார். பதினாறு பேரு. அவங்க மெஷின்ல எந்தக் கோளாறும் இல்ல."

நிர்வாகி அவளை நிமிர்ந்து பார்த்தார். "எப்ப பாத்தே?"

"நேத்துச் சாயந்திரம் பூரா அதான் வேலை."

பார்க்காமலே தேறியதாகப் போட முடியாது, அடுத்த வகுப்பின் தேர்வோடு அவருக்கும் மறுதேர்வு வைத்துக்கொள்ளலாம், வாரியத்துக்கு மையமே எழுதும் என்றார் நிர்வாகி. மையத்தின் கடிதத்தில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று இருந்தது. நாத்தனார் அதை எதிர்க்கவில்லை. "அது மையத்தோட லெட்டர். என்னோடதை நான் தனியா எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேசை, பேனா பிடுங்கல் எல்லாம் நீங்கள் ஏற்கெனவே படித்ததுதான்.

6

கடிதத்தை அவள் தபாலில் அனுப்பவில்லை. "நான் பண்ணதுக்கு தபால்காரர் எதுக்குப் போயி அந்த மூஞ்சியப் பாக்கணும்?" என்றாள். வாரிய அலுவலகத்தில் விசாரித்து, அன்று அவர் எந்தத் தெருவில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு, அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனாள்.

அவள் வந்து சொல்வதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சந்திப்பை இரண்டு விதமாக எழுதி வைத்துவிட்டேன்.

முதல் விதத்தில் அவர் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதார். நாத்தனார் படித்துவிட்டு, "அவரு அழுவுற ஆளே இல்ல" என்றாள்.

இரண்டாவது விதத்தில் அவர் தொலைவில் பார்த்துக்கொண்டு, 'மனுஷங்க எல்லாரும் ஒரே மாதிரி இல்லம்மா, மெஷின் மட்டும் எப்படி இருக்கும்' என்று ஒரு வசனம் பேசினார். எனக்கு அது பிடித்தே இருந்தது. "அண்ணி, இது நீங்க பேசுறது. அவரு இல்ல" என்றாள். என் வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்து, "பரவாயில்லயே, இந்தத் தடவ யாரும் சாகல" என்று தன் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

நடந்தது இது.

இருபுறமும் சுவர்கள் உயர்ந்த, வண்டி போகாத ஒரு தெரு. மீட்டர்க்காரர் ஒரு வீட்டு வாசலில் மண்டியிட்டு, இரும்புக் கொக்கியால் மீட்டர்க் குழியின் மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது.

"ஒரு நிமிஷம் மேடம்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடி முகப்பைத் துணியால் துடைத்து, எண்ணைப் படித்து, நோட்டில் குறித்துக்கொண்டு எழுந்தார்.

அவள் கடிதத்தைக் கொடுத்தாள். நின்றபடியே படித்தார். நாலே வரி. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"ரெண்டுக்கும் ஒரே நம்பரா?"

"ஆமா சார். அன்னிக்குக் காலையில அவசரத்துல நான்தான் காப்பி எடுத்து வெச்சேன். நீங்க கேட்டப்பவும் நான் எழுந்து வந்து பாக்கல."

அவர் கடிதத்தை மடித்தார். மடிப்பை விரலால் அழுத்தி விட்டார்.

"ஒரு மாசம் அதையேதான் மேடம் நினைச்சிட்டு இருந்தேன். எந்தக் கமாண்டை விட்டேன்னு. ஞாபகத்துல இருந்ததை எல்லாம் அன்னிக்கே எழுதி வெச்சேன். எத்தனை தடவ பாத்தாலும் விட்ட மாதிரியே தெரியல. தெரியலங்கறதே ஒரு மாதிரியா ஆயிடுச்சு."

அவர் மடித்த கடிதத்தை மறுபடி பிரித்துப் பார்த்தார்.

"அப்ப நான் போட்டதெல்லாம் சரிதானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். (நான் ஆமாம் என்றுதான் சொல்ல வைத்திருப்பேன்.) அவள் பதிவை வரி வரியாகப் படித்திருந்தாள்.

"ஒண்ணு தவிர சார். மூணாவது மெஷினோட பேரை ஒரு இடத்துல தப்பா அடிச்சீங்க. அடுத்த வரியிலயே திருத்திட்டீங்க."

மீட்டர்க்காரர் சிரித்துவிட்டார். "அது எனக்கே தெரியும்" என்றார்.

பிறகு மறுதேர்வைப் பற்றிச் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு. தேறினால் அடுத்து வரும் இடத்துக்கு அவரை எடுத்துக்கொள்வது பற்றிப் பார்க்கலாம் என்று வாரியம் சொல்லியிருக்கிறது. பார்க்கலாம் என்பதற்கு மேல் எதையும் வாங்க முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

"பாக்கலாம்னு தானே சொல்லியிருக்காங்க" என்றார் அவர். அதில் கோபம் இருந்ததா என்று நாத்தனாருக்குச் சொல்லத் தெரியவில்லை. "மறுபடி அந்த ரூம்ல போயி உக்காந்தா கை ஓடுமான்னு தெரியல மேடம். எங்க தப்புன்னே தெரியாம ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். அது சாதாரணமா போகாது."

"தெரியும் சார்."

"உங்களுக்குத் தெரியாது மேடம்" என்றார், மரியாதையாகவே. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மூடியைக் காலால் தள்ளிச் சரியாக உட்கார வைத்தார். "யோசிக்கிறேன்" என்றார். அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார்.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

7

இன்று வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஒரு நாள் பொறுத்திருந்தால் எனக்கு முடிவு தெரிந்துவிடும், உங்களுக்கும் சொல்லிவிடலாம். பொறுக்கப் போவதில்லை. நாளைக்கு அவர் வந்தால் இது அவள் தவறைச் சரிசெய்துவிட்ட கதையாகிவிடும். வராவிட்டால் காலம் கடந்துவிட்ட கதையாகிவிடும். அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். அந்த யோசனையை அவருக்கே விட்டுவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, இன்றைக்கே எழுதி முடிப்பதுதான். அவர் இடத்தில் இருந்தால் போவீர்களா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மூன்று முறை யோசித்தேன். இரண்டு முறை போனேன், ஒரு முறை—

சற்று முன் நாத்தனார் மையத்திலிருந்து ஃபோன் செய்தாள். நாளைய தேர்வுக்கு மெஷின்களைக் கட்டியாகிவிட்டதாம். இருபத்திரண்டு நிமிடத்தில் முடிய வேண்டியது இருபத்து நாலு நிமிடம் ஆனதாம்.

"ஏன், ஏதாவது கோளாறா?"

"இல்ல அண்ணி. வகுப்புல பன்னெண்டு பேரு. கோப்புல இருக்கைங்கற இடத்துல பதிமூணுன்னு போட்டேன். அதான் ரெண்டு நிமிஷம் கூட. முப்பத்தொம்பது மெஷினோட நம்பரையும் ஒண்ணு ஒண்ணா பாத்துட்டேன், எல்லாம் வேற வேற."

"அதான் ஸ்கிரிப்டே பாத்துக்குமே, நீ எதுக்குப் பாத்த?"

பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அவளாகத்தான் இருக்கும்.

"அவர் வரலன்னா?" என்று கேட்டேன்.

"வரலன்னா மூணு மெஷின் சாயந்திரம் வரைக்கும் சும்மா ஓடும்" என்றாள். "ஓடட்டும் அண்ணி."